பழைய பிக்கப் வாங்கினேன், உள்ளே வீல் ஸ்பேசர் இருக்கிறது. கழற்றலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். சேலத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கியிருக்கிறீர்கள். வாரம் மூன்று நடை ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றுகிறீர்கள், திரும்பும்போது காப்பியும் மிளகும் இறங்குகிறது. டயர் மாற்றிப் போடக் கழற்றியபோது பின் இடது சக்கரத்துக்குள் 25 மி.மீ. அலுமினிய ஸ்பேசர் இருந்தது. சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளும் தடித்த வட்டு அது. அதை ஹப்பில் பிடிக்கும் ஆறு உள் நட்டில் ஒன்று கையாலேயே சுற்றியது. டயர் கடைக்காரர் டைட் வைத்து, "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். மற்ற மூன்று சக்கரத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை.

கழற்றிவிடுங்கள். நாலு சக்கரத்தையும் திறந்து பார்க்கும் வரை மலைக்கு லோடு வேண்டாம். ஆனால் கழற்றிய கையோடு சக்கரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடவும் வேண்டாம். ஸ்பேசரை யாரும் சும்மா போடுவதில்லை. பழைய ஓனர் எதற்காகப் போட்டார் என்று தெரியாமல் எடுத்தால், அவர் அன்றைக்கு மூடி மறைத்த பிரச்சினை உங்கள் தலையில் விடியும்.

முதலில் அந்த ஒற்றை நட்டு. சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட ஆணி, என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது இறுக்கம். நட்டை டைட் வைக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை நீளுகிறது, ரப்பர் பேண்ட் மாதிரி உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியால் ஒன்றையொன்று தொடும் இரண்டு முகமும் அழுந்தி, உராய்வில்தான் சுமை கடக்கிறது. இறுக்கம் சரியாக இருக்கும்வரை ஸ்டட்டுக்கு வேலை குறைவு. ஒரு நட்டு தளர்ந்தால் அதன் பங்கை இரு பக்கத்து ஸ்டட்டுகள் வாங்கிக்கொள்கின்றன. அதோடு சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அவை வளைந்து வளைந்து நிமிர்கின்றன. 245/70 ஆர்16 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 425 சுற்று சுற்றும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 30 கிலோமீட்டரில் ஏறத்தாழ 13,000 சுற்று. கம்பியை மடக்கி மடக்கி முறிப்பது போலத்தான் இதுவும். வெளியே பளபளவென்று இருக்கும் ஸ்டட், உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அதனால் நட்டு தளர்ந்திருந்த அந்தப் பின் இடது ஹப்பில் ஆறு ஸ்டட்டையும் ஆறு நட்டையும் மாற்றிவிடுங்கள். தளர்ந்த ஒன்றை மட்டும் மாற்றுவது கணக்கில் சேராது. கெட்டுப்போக வாய்ப்புள்ளவை அதன் அண்டை வீட்டு ஸ்டட்டுகள்.

டைட் வைத்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்றால், அது ஏன் தளர்ந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஸ்பேசரின் உண்மையான குறை இங்கேதான். பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும் என்று சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் 25 மி.மீ. வெளியே தள்ளும் ஆஃப்செட் உள்ள அலாய் போட்டாலும் அதே சுமைதான், அதே கனம்தான். அதற்கு ஸ்பேசரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. வித்தியாசம், கூடுதலாக வரும் ஒரு இணைப்பு. ஹப்பில் ஸ்பேசரைப் பிடிக்கும் ஆறு நட்டு உள்ளே, ஸ்பேசரில் சக்கரத்தைப் பிடிக்கும் ஆறு நட்டு வெளியே. வெளி நட்டை எந்த பஞ்சர் கடையிலும் பார்த்துவிடலாம். உள் நட்டைப் பார்க்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். அதனால் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வண்டியிலும் டயர் மாற்றப் போயிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

அந்த உள் நட்டு தளர்வதற்குக் காரணங்கள் பல. ஸ்பேசரின் முகத்திலோ நட்டு உட்காரும் இடத்திலோ பெயின்ட் இருந்தால் அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல நசுங்கும், அந்த அளவுக்கு ஸ்டட்டின் இழுவை குறையும். ஹப் முகத்தில் துருவைச் சுரண்டாமல் மாட்டியிருந்தாலும் இதே கதை. மலை வண்டிக்கு இன்னொன்று சேரும். இறக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கை மிதித்தே வந்தால் டிரம்மும் ஹப்பும் கொதிக்கும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். சூட்டில் இறுக்கம் கூடி மெத்தென்ற இடங்கள் நசுங்கிவிடும், ஆறியதும் முன்பிருந்ததைவிடக் குறைந்த இறுக்கம்தான் மிஞ்சும். தரையில் ஓடும் வண்டியில் இரண்டு வருடம் தாங்கும் ஸ்பேசர் மலையில் சீக்கிரம் தளர்வதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் வண்டிக்கே உரிய ஒரு சந்தேகமும் உண்டு. டி-மேக்ஸில் ஆறு ஸ்டட், பிசிடி (ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. டொயோட்டா ஃபார்ச்சூனர், ஹைலக்ஸிலும் அதே ஆறு, அதே 139.7, அதே எம்12, 1.5 பிட்ச் (12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.5 மி.மீ.). ஆனால் நடு ஓட்டை வேறு. டி-மேக்ஸ் ஹப்பின் நடு மேடு 100.1 மி.மீ., டொயோட்டாவுடையது 106.1. டொயோட்டாவுக்குச் செய்த ஸ்பேசர் உங்கள் ஸ்டட்டில் அழகாக மாட்டும், நட்டும் ஏறும். ஆனால் நடுவில் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி நிற்கும். மேட்டில் உட்கார்ந்து மையம் பிடிக்க வேண்டியது, ஸ்டட்டில் தொங்கி மையம் தேடும். ஓமலூர் ரோட்டில் 80, 90-இல் போகும்போது ஒரு சன்னமான உதறல், பேலன்ஸ் பண்ணியும் போகவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வெர்னியர் காலிப்பர் வைத்து ஹப் மேட்டையும் ஸ்பேசர் ஓட்டையையும் அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, கழற்றும் வேலை. சம தரையில் நிறுத்துங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வெளி நட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட். ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். பின் பக்கம் டிரம் பிரேக், அதனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தே வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேசரை இழுக்கும்போது டிரம்மும் சேர்ந்து வந்துவிடும், உள் நட்டைத் தளர்த்தும்போது ஹப்பும் சுற்றும். முன் பக்கத்துக்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும்.

உள் நட்டுக்குப் பெரும்பாலும் ஒரிஜினல் நட்டின் ஸ்பேனர் உதவாது. ஸ்பேசருடன் வரும் நட்டு ஒல்லியாக இருக்கும், குழிக்குள் அமர்ந்திருக்கும். சுவர் மெலிந்த பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். நட்டின் மரையில், அது தளராமல் இருக்கப் போடும் நீலநிறப் பசை தெரிந்தால் கை பலத்துக்கு வரும். சிவப்புப் பசை என்றால் 250 டிகிரிக்கு மேல் சூடு காட்டினால்தான் இளகும். அந்தச் சூட்டை ஹப்பில் காட்டினால் பேரிங் கிரீஸும் ஆயில் சீலும் ஏபிஎஸ் சென்சாரும் வீணாகும். அப்படிப்பட்ட நட்டை நட் ஸ்ப்ளிட்டரால் பிளந்துவிட்டு அந்த ஸ்டட்டையும் மாற்றிவிடுவதுதான் மலிவு.

நட்டெல்லாம் வந்தபின்னும் ஸ்பேசர் அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் நடு மேட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்துக் கெட்டியாகிவிடும். மழைக்கால ஏற்காட்டு மூடுபனியில் நிற்கும் வண்டிக்கு இது இன்னும் அதிகம். துரு இளக்கும் ஆயிலை மேட்டைச் சுற்றி மட்டும் விட்டு, கால் மணி நேரம் விடுங்கள். ரப்பர் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள், ஒரே பக்கம் அடிக்காதீர்கள். வரவில்லை என்றால் இரண்டு கால் புல்லர். முன் சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கில் அடி படக் கூடாது. ஸ்டட் முனையில் சுத்தியல் படவே கூடாது. ஒரு அடியில் மரை நசுங்கி, அடுத்த நட்டு குறுக்கே ஏறும்.

கழன்றதும் ஸ்பேசரைத் தூக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது என்று சொல்லும் சாட்சி அதுதான். டார்ச் அடித்து முகத்தைப் பாருங்கள். நட்டு உட்கார்ந்த குழியைச் சுற்றி செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அந்த இடம் அசைந்திருக்கிறது. முகத்தில் ஒரு பகுதி மட்டும் கண்ணாடி போல் மின்னினால் அங்கே தேய்த்துக்கொண்டு ஆடியிருக்கிறது. ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை போல் நீண்டிருக்கிறதா, ஓட்டையிலிருந்து ஓரம் நோக்கி மயிர்க்கோடு ஓடுகிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெல்டிங் சோதிக்கப் பயன்படும் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் ஸ்பிரே டப்பாவில் கிடைக்கும். சாயம் அடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும்பும். பின்புறம் மணல் அச்சு போல் சொரசொரப்பாக இருந்தால் அது வார்ப்பு. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், எடைக்குப் போடுங்கள். 6061-டி6 (அலுமினியத்தின் ரகம்) என்று வெட்டியிருந்து, ஸ்டட் தலையில் 10.9 (அதன் வலிமைத் தரம்) என்று இருந்தால் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஆனால் அந்த எழுத்தை யாரும் வெட்டிக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஹப்பில் இருக்கும் ஒரிஜினல் ஸ்டட்டைச் சோதிக்க எளிய வழி உண்டு. வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஒரு புது நட்டை விரலால் மட்டும் ஏற்றுங்கள். அடிவரை விரலிலேயே போக வேண்டும். பாதியில் இறுகினால் அந்த ஸ்டட் இழுபட்டு மரை நீண்டிருக்கிறது, அல்லது மரை அடிபட்டிருக்கிறது. இரண்டானாலும் மாற்றியே ஆக வேண்டும். ஸ்டட் மாற்றும்போது டிரம்மை எடுத்துவிட்டு, ஹப்பைப் பின்னாலிருந்து சரியாகத் தாங்கி, பிரஸ்ஸில் தள்ள வேண்டும். ஹப்பை வண்டியில் வைத்தபடி சுத்தியலால் அடித்து வெளியேற்றினால் ஒவ்வொரு அடியும் பேரிங்குக்கும் போகும்.

பேரிங்கையும் இதோடு பார்த்துவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, தூக்கி வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாவிட்டால், முன் சக்கரமாக இருந்தால், பால் ஜாயின்ட் பக்கம் போங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடுடையது. பின் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது கமான் பட்டையில் விரலை வைத்துப் பாருங்கள். காதில் கேட்கும் முன்பே சொரசொரப்பு விரலில் தெரியும்.

இனி முக்கியமான இடம்: ஏன் போட்டார்கள்? அலாய் சக்கரத்தின் பின்புறம் அல்லது ஆரத்தின் உட்பக்கம் பாருங்கள். அகலமும் ஈடி (ET) எண்ணும் அச்சாகியிருக்கும். ஈடி என்பது சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. எண் பெரிதாக இருந்தால் சக்கரம் உள்ளே போகும். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு ஈடி குறையும். உதாரணமாக ஈடி 45 உள்ள கார் அலாய்க்கு 25 போட்டால் ஈடி 20 போல் நிற்கும். அப்படி ஒரு கார் அலாயை வாங்கி, அது உள்ளே உரசியதால் ஸ்பேசர் போட்டிருந்தால், நீங்கள் ஸ்பேசரைக் கழற்றிய அன்றே முன் டயர் மேல் ஆர்மில் உரசும், அல்லது ஆரம் பிரேக் காலிப்பரில் இடிக்கும்.

பிசிடியையே மாற்ற அடாப்டராகப் போட்டிருப்பதும் உண்டு. ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் அதுவே பிசிடி. ஐந்து ஓட்டையில் எதிரெதிர் கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுத்தூரத்தை 1.7-ஆல் பெருக்குங்கள். சக்கரத்தின் பிசிடி ஹப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சக்கரத்துக்கு இந்த வண்டியில் இடமில்லை. ஸ்பேசரோடு சேர்த்து விற்றுவிட்டு ஒரிஜினல் டிஸ்க் (இரும்புச் சக்கரம்) நாலு வாங்குங்கள். அலாய் மாற்றியவர்கள் கழற்றிப் போட்ட ஒரிஜினல் டிஸ்க் டயர் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடினால் கிடைக்கும். பார்க்க அலாய் போல் எடுப்பாக இருக்காது, ஆனால் உர மூட்டைக்கு அதுவே கம்பீரம்.

பிசிடி ஒத்துப்போனால் உரசலைச் சோதியுங்கள். ஸ்பேசர் இல்லாமல் சக்கரத்தை இரண்டு நட்டில் நிறுத்திக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஆரத்துக்கும் காலிப்பருக்கும் இடையே 3 மி.மீ. கூட இல்லை என்றால் போடாதீர்கள். பின்பு ஆறு நட்டும் போட்டு, வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை இரண்டு எல்லைக்கும் திருப்பி, டயருக்கும் மேல் ஆர்முக்கும் டயருக்கும் மட்கார்டுக்கும் விரல் விட்டுப் பாருங்கள். 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. இதைத் தரையில் பார்த்தால் பாதிதான் பார்த்தது. ஒரு முன் சக்கரத்தைக் கனமான கட்டையின் மேல் ஏற்றி, அந்த நிலையிலும் திருப்பிப் பாருங்கள். கொண்டை ஊசியில் ஒரு பக்கச் சக்கரம் அழுந்தி நிற்கும் நிலை அதுதான். பின்புறம் கமான் பட்டைக்கும் டயருக்கும் இடைவெளி எவ்வளவு என்று இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் வித்தியாசம் உடனே தெரியும். குழியில் விழும்போது கையைப் பிடுங்குவது குறையும், ஒரு பக்கம் மண்ணில் போகும்போது பிரேக் போட்டால் இழுப்பதும் குறையும். டோ அளவு (சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) ஸ்பேசரால் மாறுவதில்லை. ஸ்பேசரை எடுத்ததற்காக அலைன்மென்ட் கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது வியாபாரம். டயர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. ஹப் முகத்தையும் சக்கர முகத்தையும் வயர் பிரஷ், உப்புத்தாள் கொண்டு பளிச்சென்று சுரண்டுங்கள். முகத்தில் பெயின்ட், கிரீஸ் எதுவும் வேண்டாம். நடு மேட்டில் மட்டும் துளி கிரீஸ் தடவலாம், அடுத்த முறை ஒட்டாது. மரையில் ஆயில் விடாதீர்கள். ஆயில் இருந்தால் அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். அலாய் டொயோட்டா வகையாக 106.1 ஓட்டையோடு இருந்தால் 106.1 வெளி, 100.1 உள் அளவுள்ள ஹப் ரிங் (நடு இடைவெளியை நிரப்பும் வளையம்) போடுங்கள். நட்டின் இருக்கையையும் பாருங்கள். சில டொயோட்டா அலாய்களுக்கு வாஷரோடு நீண்ட கழுத்துள்ள தட்டை நட்டு. கூம்பு ஓட்டையுள்ள சக்கரத்துக்குக் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் டைட் ஆனது போலத் தோன்றும், ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். நட்டு குறைந்தது எட்டு முழுச் சுற்று ஏற வேண்டும். 1.5 மி.மீ. பிட்சுக்கு எட்டுச் சுற்று என்றால் 12 மி.மீ., ஸ்டட்டின் தடிமன் அளவு. ஆறு, ஏழில் நின்றுவிட்டால் ஏதோ தவறு.

டைட் எதிரெதிராக, இரண்டு கட்டமாக. முதலில் பாதி, பிறகு முழு டார்க். சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். எம்12 ஸ்டட் உள்ள இந்த வகைப் பிக்கப்புக்குப் பொதுவாக 100 முதல் 130 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லை என்றால் இப்படிச் செய்யலாம்: ஸ்பேனர் கைப்பிடியில் நட்டு நடுவிலிருந்து சரியாக 50 செ.மீ.-இல் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து, கைப்பிடிக்கு நேர் செங்குத்தாக 24 கிலோ காட்டும் வரை இழுத்தால் அது 12 கிலோகிராம் மீட்டர், அதாவது சுமார் 118 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கி வைத்து டக் டக்கென்று அடிப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு இறுக்குகிறது என்று அடிப்பவருக்கே தெரியாது.

அந்த டயர் கடைக்காரர் சொன்னது போல ஸ்பேசரோடே ஓட்டினால் என்ன என்று இன்னும் தோன்றினால், சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. விபத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் ஸ்பேசரைப் பார்த்தால் க்ளெய்முக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலை வரும். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றால் போக்குவரத்து போலீஸார் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும்.

எல்லாம் மாட்டியபின் ஊருக்குள்ளேயே 50 கிலோமீட்டர் காலி வண்டியாக ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி டார்க் வையுங்கள். அப்புறம் முதல் நடை லோடோடு ஏறி இறங்குங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே வாருங்கள், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். அடிவாரம் வந்ததும் சக்கரம் நாலையும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்தபடி இருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. நட்டை அங்கேயே சூட்டோடு இறுக்காதீர்கள். வீட்டில் நிறுத்தி, மறுநாள் காலை ஆறியபின் ரென்ச்சை வையுங்கள். ஒரு நட்டு கூட நகரவில்லை என்றால் அடுத்த சோதனை 500 கிலோமீட்டரில். ஏதாவது ஒன்று கால் சுற்று போனால், அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றி முகத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.